நைட்ரேட்டைத் தின்போரும் சுவாசிப்போரும்

ஒரு பாக்டீரியாவை அடையாளம் காண ஆய்வகங்களில் செய்யும் எளிய சோதனைகளில் ஒன்று நைட்ரேட் சோதனை. நைட்ரேட் கலந்த ஊட்டக் கரைசலில் பாக்டீரியாவை ஒருநாள் வளரவிட்டு, இரண்டு வினைப்பொருள்களைச் சில சொட்டுகள் விடுவார்கள். குழாய் சிவந்தால் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறியிருக்கிறது. சிவக்காவிட்டால் இரண்டில் ஒன்று நடந்திருக்க வேண்டும்: பாக்டீரியா நைட்ரேட்டைத் தொடவே இல்லை, அல்லது நைட்ரைட்டையும் தாண்டி வேறொன்றாக மாற்றிவிட்டது. எது என்று தெரிந்துகொள்ளச் சிட்டிகை துத்தநாகத் தூளைப் போடுவார்கள். மிச்சம் நைட்ரேட் இருந்தால் துத்தநாகமே அதை நைட்ரைட்டாக்கிக் குழாயைச் சிவக்கவைக்கும். அப்போதும் சிவக்காவிட்டால் நைட்ரேட் முழுதும் தீர்ந்துபோயிற்று. இந்த வண்ண வினையை நமக்குத் தந்த பீட்டர் கிரீஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரில் ஒரு பீர் ஆலையின் வேதியியலாளராக இருந்தவர். நைட்ரேட் எவ்வளவு தூரம் போயிற்று என்பதை இச்சோதனை சொல்லிவிடும். பாக்டீரியா அதை எதற்காக மாற்றியது, உடம்பை வளர்க்கவா மூச்சுவிடவா என்பதைச் சொல்லாது. நைட்ரேட்டின் கதையில் முக்கியமான கேள்வி அதுதான். நைட்ரேட் இலையில் புரதமாகுமா, சேற்றிலிருந்து வாயுவாகப் பறந்துபோகுமா, கிணற்று நீரில் ஆண்டுக்கணக்கில் தேங்கிக் கிடக்குமா என்பதை அதைக் கையாளும் செல்லுக்கு அந்த நேரத்தில் எது பற்றாக்குறையோ அதுவே தீர்மானிக்கிறது. இந்த அத்தியாயம் அதைத்தான் நிறுவ முயல்கிறது.

முதலில் கணக்கு. நைட்ரேட்டில் நைட்ரஜன் அணு மூன்று ஆக்சிஜன் அணுக்களிடம் எலக்ட்ரான்களைப் பறிகொடுத்து +5 என்ற நிலையில் இருக்கிறது. புரதத்துக்குள் நுழைய வேண்டுமானால் அது அம்மோனியாவின் −3 நிலைக்கு இறங்கியாக வேண்டும். இடையில் எட்டு எலக்ட்ரான்கள். ஒரு பொருளுக்கு இப்படி எலக்ட்ரானைக் கொடுப்பதற்குத்தான் வேதியியலில் அப்பொருளின் ஒடுக்கம் என்று பெயர். முதல் இரண்டு எலக்ட்ரான்கள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும்; மீதி ஆறும் நைட்ரைட்டை அம்மோனியாவாக்கும். அம்மோனியா வரை போகாமல் ஐந்தாவது எலக்ட்ரானிலேயே நின்றுவிடும் வழியும் உண்டு. அந்த வழியில் கடைசியாகக் கிடைப்பது காற்றில் ஏற்கெனவே ஐந்தில் நான்கு பங்கு நிறைந்திருக்கும் நைட்ரஜன் வாயு. எலக்ட்ரான் இனாமாகக் கிடைப்பதில்லை. தாவரத்துக்கு அது வெயிலின் சம்பாத்தியம். பாக்டீரியாவுக்கு அது தின்ற சர்க்கரையிலிருந்தும் கரிம அமிலங்களிலிருந்தும் வருவது. எட்டு எலக்ட்ரான்களை ஒரு நைட்ரஜன் அணுவின் மேல் செலவிடும் உயிர், பதிலுக்கு என்ன பெறுகிறது?

தாவரத்தின் விடை நேரானது. அது நைட்ரேட்டைத் தின்கிறது. வேர் உறிஞ்சிய நைட்ரேட்டில் ஒரு பகுதி வேரிலேயே மாறும். பல பயிர்களில் பெரும்பகுதி இலைக்குப் போகும். உடனே தேவைப்படாதது செல்லின் நுண்குமிழியில் சேமிப்பாகத் தங்கும். இலையின் செல் திரவத்தில் நைட்ரேட் ரிடக்டேஸ் என்ற நொதி முதல் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. அந்த நொதியின் மையத்தில் ஒரு மாலிப்டினம் அணு இருக்கிறது. இந்த உலோகம் இல்லாமல் தக்காளி வளராது என்று கலிஃபோர்னியாவில் ஆர்னனும் ஸ்டவுட்டும் 1939-இல் காட்டினார்கள். கரைசலில் பத்துக் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே செடிக்குப் போதுமாக இருந்தது. இவ்வளவு சொற்பமான பொருள் எதற்கு என்ற புதிருக்கு 1950-களில் விடை கிடைத்தது: நைட்ரேட் ரிடக்டேஸுக்கு. மாலிப்டினம் கிடைக்காத அமில மண்ணில் காலிஃபிளவர் இலையின் பரப்பு சுருங்கி நடுநரம்பு மட்டும் சாட்டைபோல் நீளும். அத்தகைய இலையில் நைட்ரேட் குவிந்து கிடக்கும், ஆனாலும் செடி நைட்ரஜன் பசியில் வாடும். அதே செடிக்கு நைட்ரேட்டுக்குப் பதிலாக அம்மோனியம் கொடுத்தால் மாலிப்டினத் தேவை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அந்த உலோகம் எந்த வேலைக்கு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இரண்டாவது படி பசுங்கணிகத்துக்குள் நடக்கிறது. ஒளிச்சேர்க்கையில் எலக்ட்ரான் ஏந்திவரும் ஃபெரிடாக்சின் என்ற சிறு புரதம், நைட்ரைட் ரிடக்டேஸுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஆறு எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. இலையைப் பொறுத்தவரை இந்தப் படி வெயிலை நம்பியே இருக்கிறது. வெயில் போனதும் முதல் படி மட்டும் தொடர்ந்தால் நைட்ரைட் சேரும், நைட்ரைட் நச்சு. நைட்ரைட் ரிடக்டேஸை மரபணு வழியாக முடக்கிய புகையிலைச் செடிகள் நைட்ரைட்டைத் தேக்கி வெளிறிப்போனதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இதைத் தாவரம் முன்கூட்டியே தடுத்துக்கொள்கிறது. இருட்டான சில நிமிடங்களில் நைட்ரேட் ரிடக்டேஸில் ஒரு பாஸ்பேட் ஒட்டப்படுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு வேறொரு புரதம் வந்து அமர, நொதி நின்றுபோகிறது. மேகம் மூடிய நாள்களில் கீரையில் நைட்ரேட் அதிகம் சேர்வதற்கும் வெளிச்சத்தை நம்பிய இந்த ஏற்பாடே காரணம். முடிவில் கிடைக்கும் அம்மோனியாவைச் செல் ஒரு கணமும் சும்மா விடுவதில்லை; குளூட்டமேட்டோடு சேர்த்துக் குளூட்டமினாக்கி, அங்கிருந்து மற்ற அமினோ அமிலங்களுக்கு அனுப்புகிறது. செலவழித்த எட்டு எலக்ட்ரான்களும் உடம்பிலேயே தங்கிவிட்டன.

இனி சேற்றுக்கு வருவோம். பிரான்ஸின் போர்தோவில் உல்லிஸ் கயோனும் அவருடைய மாணவர் டுபெதியும் 1880-களில் சாக்கடை நீரில் நைட்ரேட் மறைந்து வாயு கிளம்புவதை ஆராய்ந்தார்கள். அதைச் செய்வது பாக்டீரியா என்று நிறுவி, 1886-இல் அத்தகைய பாக்டீரியாக்களைத் தனியே பிரித்தும் காட்டினார்கள். அந்த நைட்ரஜனில் பெரும்பங்கு பாக்டீரியாவின் உடம்பில் சேரவில்லை. காற்றில் போயிற்று. தின்றதென்று இதைச் சொல்ல முடியாது. நம் உடம்பின் செல்கள் உணவிலிருந்து பிடுங்கிய எலக்ட்ரான்களைக் கடைசியில் ஆக்சிஜனிடம் ஒப்படைக்கின்றன. அந்த ஒப்படைப்பில் கிடைக்கும் ஆற்றல்தான் சுவாசத்தின் பயன். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் அதே எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ள வேறு யாராவது வேண்டும். நைட்ரேட் அதற்குத் தோதானது. மேட்டிலிருந்து விழும் நீர் எவ்வளவு உயரம் விழுகிறதோ அவ்வளவு வலுவாகச் சக்கரத்தைச் சுற்றும். செல்லின் முக்கிய எலக்ட்ரான் ஏந்தியான என்ஏடிஎச்-இலிருந்து ஆக்சிஜன் வரையிலான உயரம் 1.14 வோல்ட், நைட்ரேட் வரை ஏறக்குறைய 0.74 வோல்ட். முதல்தரம் இல்லைதான், ஆனால் நொதித்துப் பிழைப்பதைவிடப் பல மடங்கு மேல். ஆக்சிஜனும் நைட்ரேட்டும் ஒருசேரக் கிடைத்தால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத்தான் எடுக்கும்.

சுவாசத்துக்கான நைட்ரேட் ரிடக்டேஸ் செல்லின் சவ்வில் பதிந்திருக்கிறது. எலக்ட்ரான் சவ்வைக் கடக்கும்போது புரோட்டான்கள் ஒருபுறம் சேர்ந்து, அந்த ஏற்றத்தாழ்வே செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைத் தயாரிக்கப் பயன்படுகிறது. நைட்ரைட்டுக்குப் பிறகு நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு, நைட்ரஜன் வாயு என்று படிகள் தொடர்கின்றன. கடைசிப் படியின் நொதி செம்பை நம்பியது. ஆக்சிஜன் எட்டிப்பார்த்தாலும் மண் அமிலமானாலும் முதலில் தடுமாறுவது அதுதான். அப்போது நைட்ரஸ் ஆக்சைடு அப்படியே கிளம்பிவிடும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 273 மடங்கு வெப்பம் பிடிக்கும் வாயு அது. இந்த மூச்சின் மதிப்பு எவ்வளவு என்று அறிய நமீபியக் கடலடிச் சேற்றைப் பார்க்கலாம். அங்கே 1997-இல் கண்டெடுக்கப்பட்டு 1999-இல் அறிவிக்கப்பட்ட தியோமார்கரிட்டா என்ற பாக்டீரியா வெறுங்கண்ணுக்குத் தெரியும்; முக்கால் மில்லிமீட்டர் வரை வளரும். அதன் உடம்பில் ஏறத்தாழ முழுவதும் ஒரு பெரிய குமிழி, அந்தக் குமிழி நிறைய நைட்ரேட். கீழே கந்தகத்தின் நாற்றம் பிடித்த சேறு, மேலே எப்போதாவது நைட்ரேட்டோடு வந்துபோகும் கடல்நீர். இடைப்பட்ட காலத்தைத் தாண்ட, அது மூச்சைச் சேமித்துவைத்திருக்கிறது.

தின்பதும் சுவாசிப்பதும் ஒரே வேலையின் இரண்டு பெயர்கள்தானே என்று கேட்கலாம். ஒரே செல்லுக்குள் இரண்டும் தனித்தனியே இயங்குவதைக் காட்டுவதே இதற்கு நல்ல பதில். கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாவிடம் இரண்டு வகை நைட்ரேட் ரிடக்டேஸும் உண்டு. தின்பதற்கானது செல்லுக்குள் மிதக்கிறது. சுற்றிலும் அம்மோனியம் தாராளமாகக் கிடைத்தால் அதன் மரபணுக்கள் அடங்கிவிடும். சமைத்த சோறு இருக்க யார் நெல் குத்துவார்கள்? சுவாசிப்பதற்கானது சவ்வில் இருக்கிறது. அம்மோனியத்தை அது பொருட்படுத்துவதே இல்லை. அதற்குக் கட்டளையிடுவது ஆக்சிஜன். ஈகோலை பாக்டீரியாவில் இந்தக் கட்டளையின் கருவி எஃப்என்ஆர் என்ற புரதம். அதன் இரும்பு-கந்தகக் கொத்து ஆக்சிஜன் பட்டால் சிதைந்துவிடும். ஆக்சிஜன் இல்லாதபோதுதான் அது முழுமையாக நின்று சுவாச மரபணுக்களை எழுப்பும். அதே ஈகோலையிடம் தின்பதற்கான நொதி கிடையாது. காற்றோட்டமான குடுவையில் நைட்ரேட்டை மட்டும் நைட்ரஜன் உணவாகக் கொடுத்தால் அது வளராது. மூச்சுவிடத் தெரிந்த பொருளை அதற்குத் தின்னத் தெரியவில்லை.

வம்சாவளியும் இதையே சொல்கிறது. பாக்டீரிய நைட்ரேட் ரிடக்டேஸ்கள் அனைத்தும் ஒரு புரதக் குடும்பம். தாவரத்தின் நைட்ரேட் ரிடக்டேஸ் அதற்குச் சொந்தமே இல்லாத, சல்ஃபைட் ஆக்சிடேஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டும் மாலிப்டினத்தைத்தான் பயன்படுத்துகின்றன, ஆனால் அந்த அணுவைப் பிடித்திருக்கும் விதம் வேறு. ஒரே வினையைப் பரிணாமம் இருமுறை தனித்தனியே கண்டுபிடித்திருக்கிறது. தாவரத்தின் இரண்டாவது படி மட்டும் பாக்டீரியாவின் சொத்து: பசுங்கணிகம் ஒருகாலத்தில் விழுங்கப்பட்ட சயனோபாக்டீரியம், அதன் நைட்ரைட் ரிடக்டேஸ் இன்றைய சயனோபாக்டீரியங்களின் நொதியோடு நெருங்கி ஒத்திருக்கிறது. ஆகவே ஒரு இலை நைட்ரேட்டை ஒடுக்கும்போது வெவ்வேறு மூதாதையரின் இரண்டு நொதிகள் கைமாற்றி வேலை செய்கின்றன.

என் வாதத்துக்கு எதிராகச் சொல்லத்தக்க இரண்டு உண்மைகள் இருக்கின்றன. முதலாவது, சில பாக்டீரியாக்கள் சுவாசத்துக்காக நைட்ரேட்டை எடுத்து, தாவரத்தைப்போலவே எட்டு எலக்ட்ரான்களும் கொடுத்து அம்மோனியம் வரை கொண்டுபோகின்றன. ஈகோலையும் ஆக்சிஜன் அற்ற நிலையில் இதைச் செய்யும். முடிவுப் பொருள் ஒன்றே என்றால் வேறுபாடு எங்கே? வேறுபாடு அந்த அம்மோனியம் எங்கே போகிறது என்பதில் இருக்கிறது: பெரும்பகுதி செல்லுக்கு வெளியே தள்ளப்படுகிறது, சுற்றிலும் அம்மோனியம் குவிந்தாலும் வேலை நிற்பதில்லை. இந்த வழி எங்கே தலைதூக்குகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. கரிமப் பொருள் மிகுந்து நைட்ரேட் அரிதாக உள்ள சேற்றில்தான் அது பொதுவாக ஓங்குகிறது. எலக்ட்ரான் நிறைய, வாங்குவோர் சிலர் என்ற நிலையில், ஒவ்வொரு நைட்ரேட்டும் ஐந்துக்குப் பதில் எட்டு எலக்ட்ரான்களை ஏற்றுக்கொள்வது லாபம். நைட்ரேட் மிகுந்து கரிமம் குறைந்தால் வாயுவாக்கும் வழி ஓங்கும். பற்றாக்குறைதான் வழியைத் தேர்கிறது என்பதற்கு இது மறுப்பாகத் தோன்றிச் சான்றாக முடிகிறது.

இரண்டாவது கொஞ்சம் கடினமானது. நீரில் மூழ்கி ஆக்சிஜன் வற்றிய வேரில் தாவரத்தின் நைட்ரேட் ரிடக்டேஸும் நைட்ரைட்டை உருவாக்குகிறது. அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு பிறந்து, வேரிலுள்ள ஒருவகை ஹீமோகுளோபினால் மீண்டும் நைட்ரேட்டாகிறது. இந்தச் சுழற்சி எலக்ட்ரான் தேக்கத்தைக் கொஞ்சம் குறைத்து வேரைத் தாக்குப்பிடிக்க வைக்கிறது என்று கருதுகிறார்கள். அப்படியானால் தாவரமும் நைட்ரேட்டைச் சுவாசிக்கிறதா? ஒருவகையில் ஆம் என்றே சொல்வேன். ஆனால் அது எப்போது? வேருக்கு மூச்சு முட்டும்போது. எது தாவரம், எது பாக்டீரியா என்பதில் எல்லைக்கோடு இல்லை; பசித்த செல்லுக்கும் மூச்சு முட்டிய செல்லுக்கும் இடையில் அது இருக்கிறது.

இந்த வாதத்தை ஆய்வகத்துக்கு வெளியே சோதித்துப் பார்க்க நிலத்தடி நீரைவிட நல்ல இடம் இல்லை. வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிட்ட நைட்ரேட் பல நிலத்தடி நீர்ப்படுகைகளில் பத்தாண்டுகளானாலும் அப்படியே இருக்கிறது. இந்தியத் தரநிலை குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அதை ஏற்பதில்லை, இருந்தும் அந்த எல்லையை மீறிய கிணறுகள் பல. பாக்டீரியாக்கள் அங்கும் உண்டு. பல இடங்களில் அவற்றிடம் கொடுக்க எலக்ட்ரான் இல்லை, அதாவது தின்னக் கரிமப் பொருள் இல்லை. இதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும் ஏற்பாடுகளும் நடைமுறையில் இருக்கின்றன. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் நைட்ரேட் குறையாமல் அடம்பிடித்தால் காற்றில்லாத தொட்டியில் மெத்தனால் ஊற்றுவார்கள், நைட்ரேட் வாயுவாகிவிடும். அமெரிக்காவில் வயல் வடிநீரை மரச்சீவல் நிரப்பிய பள்ளங்கள் வழியே விட்டு இதையே மலிவாகச் செய்கிறார்கள். பாக்டீரியாவை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. இல்லாததைக் கொடுத்தால் போதும்.

நெல் வயலில் இவையனைத்தும் சில மில்லிமீட்டருக்குள் நடக்கின்றன. நீர் கட்டிய வயலில் சேற்றின் மேல்தோல் மட்டும் நீரில் கரைந்த ஆக்சிஜனைப் பெறுகிறது. அதற்குக் கீழே ஆக்சிஜன் இல்லை, கரிமம் உண்டு. மேலே தூவிய யூரியா அம்மோனியமாகி, மேல்தோலில் வேறு பாக்டீரியாக்களால் நைட்ரேட்டாகி, கீழே கசிந்து, மூச்சுக்குத் தவிக்கும் பாக்டீரியாக்களிடம் சிக்கி வாயுவாகிறது. ஜப்பானில் ஷியோயிரி என்ற ஆய்வாளர் இதை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே விளக்கி, அம்மோனிய உரத்தைச் சேற்றுக்குள் ஆழமாக வைக்கச் சொன்னார். வங்கதேசத்தில் யூரியாவை உருண்டையாக்கி நாற்றுகளுக்கு நடுவே புதைப்பது அதன் தொடர்ச்சி. 2015-இல் இந்தியா உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியதும் நைட்ரேட்டாகும் படியைத் தாமதப்படுத்தவே. நெல் வயலில் தொலையும் தழைச்சத்தில் பெரும்பங்கு இந்த வழியாகத்தான் போகிறது என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. பகலில் பாசி வயல்நீரைக் காரமாக்கும்போது அம்மோனியா நேரடியாகவே ஆவியாகிறது. பல வயல்களில் அந்த இழப்பே முந்திக்கொள்ளும். ஆழமாக வைப்பது இரண்டையும் ஒருசேரத் தடுக்கிறது என்பதால்தான் அந்த யோசனை இன்றும் நிலைத்திருக்கிறது.

இழப்பைத் தடுப்பதைவிடப் பயிரின் நைட்ரேட் ரிடக்டேஸைப் பெருக்கிவிட்டால் என்ன என்ற ஆசை பல ஆய்வாளர்களுக்கு இருந்தது. பலன் சொற்பம். வழக்கமான நொதியில் பத்தில் ஒரு பங்கே கொண்ட அரபிடாப்சிஸ் செடிகள் இயல்பாக வளர்வதை 1990-களின் தொடக்கத்திலேயே கண்டார்கள். நல்ல வெளிச்சத்தில் நொதி ஒருபோதும் குறையாக இருந்ததில்லை என்று பொருள். நெல்லில் நிலைமை சற்று வேறு. நெல் வேர் தண்டு வழியாக ஆக்சிஜனைக் கீழே இறக்குவதால் வேரைச் சுற்றி நைட்ரேட் பிறக்கிறது. அதைப் பிடித்துக்கொள்வதில் இண்டிகா நெல் ஜப்பானிகாவைவிடத் தேர்ந்தது. உறிஞ்சும் புரதத்தின் மரபணுவில் ஒரே எழுத்து வேறுபாடு இதில் பங்கு வகிப்பதை 2015-இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2019-இல் இண்டிகாவின் நைட்ரேட் ரிடக்டேஸ் மரபணு ஒன்றும் அப்படியே மேம்பட்டது என்று தெரிந்தது. இங்கே போட்டி இலைக்குள் இல்லை. வேருக்கும் சேற்று பாக்டீரியாவுக்கும் இடையில் இருக்கிறது, யார் முந்துகிறார்கள் என்பதே கேள்வி.

இந்த பாக்டீரியாக்களை விவசாயத்தின் எதிரிகள் என்று எழுதுவது வழக்கம். நான் அதை ஏற்கவில்லை. காற்றும் கடல்நீரும் தம் போக்கில் வேதிச் சமநிலையை அடைந்தால், காற்றின் ஆக்சிஜன் நைட்ரஜனோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகிக் கடலில் கரைந்துவிட வேண்டும் என்று லூயிஸும் ரேண்டாலும் 1923-இல் வெப்ப இயக்கவியல் நூலொன்றில் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தப் பக்கமாக மின்னலும் நைட்ரேட்டாக்கும் உயிர்களும் இழுக்க, நைட்ரஜனைக் காற்றுக்குத் திருப்பி அனுப்புவதில் பெரும்பங்கு நைட்ரேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்களுடையது.

விவசாயிக்கு நைட்ரேட்டின் இந்தக் கதையில் நேரடியாகப் பயன்படும் ஒன்று உண்டு. தண்ணீர்ப் பற்றாக்குறையாலும் மீத்தேனைக் குறைக்கவும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நெல்லுக்கு நீர் கட்டும் முறை இன்று பரவிவருகிறது. வயல் காயும்போது ஆக்சிஜன் உள்ளே போய் அம்மோனியம் நைட்ரேட்டாகும். மறுபடி பாய்ச்சியதும் அந்த நைட்ரேட் வாயுவாகும், நைட்ரஸ் ஆக்சைடும் கூடும். மீத்தேன் பெரிதும் குறைவதால் மொத்தத்தில் வெப்பமாக்கும் விளைவு பொதுவாகக் குறைவுதான், ஆனால் உரம் இடும் நேரம் தவறினால் தழைச்சத்து வீணாகும். ஆகவே இம்முறையைக் கையாள்வோர் நைட்ரேட் உரத்தை அடியுரமாக இடாதீர்கள். மேலுரமான யூரியாவைப் பல தவணைகளாகப் பிரித்து, காய்ந்த வயலில் பாசனத்துக்குச் சற்று முன்பு இடுங்கள். பாயும் நீர் அதை மேல்தோலைத் தாண்டி வேர்ப்பகுதிக்குக் கொண்டுசெல்லும்; அடுத்த காய்ச்சல் வருவதற்குள் பயிர் அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும்.